கரும்புத் தீவில் பலகை படித்த கதை: மார்த்தினிக் வரலாற்றுச் சின்னங்கள் குறித்து ஒரு விமர்சனம்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் வழக்கம்போல என்னிடம் ஒரு நூல் விமர்சனம் கேட்டார்கள். இந்த முறை நூலுக்குப் பதிலாக ஒரு தீவை விமர்சனம் செய்கிறேனே என்றேன். செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தீவோ நூலோ, பக்கக் கணக்கு மட்டும் மீற வேண்டாம் சார்" என்றார். அந்த அனுமதியின் பேரில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கடனைச் சொல்லிவிட வேண்டும். நம் சங்கத்தின் 2008 மலரில் 'கடல் கடந்த தமிழர் பெருமை' என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அதை மனப்பாடம் செய்த குழந்தைகளும் உண்டு. கரீபியன் கடலில் மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழன் கால் படாத மண்ணே இல்லை என்றெல்லாம் அதில் முழங்கியிருந்தேன். ஔவையின் வாக்கைத் துணைக்கு அழைத்து, அவர்கள் செல்வம் தேடிக் கடலோடியவர்கள் என்றும் எழுதிவிட்டேன். அந்தத் தீவை நான் அப்போது பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

என் மகள் பாரிஸில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை நம்ம ஊர் வங்காளி. ஒன்பது வயதுப் பேத்திக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, வங்காளம் சரளம், தமிழ் அரைகுறை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் மார்த்தினிக்குக்கு டிக்கெட் எடுத்தாள். போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது பிரான்சின் பகுதிதான், யூரோ நாணயம்தான், ஆனாலும் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் அங்கே செல்லாது, கடல் கடந்த பகுதிக்கென்று தனியாக விசா வேண்டும். பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டரை மணி நேரத்துக்கு மேல். நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிற ஊர். "கடற்கரையில உட்கார்ந்து ஓய்வெடுங்கப்பா" என்றாள் மகள். இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாடகைக் காரில் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம்.

பலகைகள் எல்லாம் பிரெஞ்சில். மகளும் பேத்தியும் படித்துச் சொல்ல, நான் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி கேட்டேன். இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? சொல்லும்போது யாருடைய பெயர் விடுபட்டுப்போகிறது? நூலை விமர்சிப்பதற்கும் இதே கேள்விகள்தானே.

அழகான மாளிகையும் செயப்பாட்டு வினையும்

முதலில் பார்த்தது ஒரு பழைய கரும்புத் தோட்ட மாளிகை. பெயர் வேண்டாம். அந்தத் தீவில் இப்படிப் பல உண்டு; நான் சொல்லப்போவது ஒரு தோட்டத்தின் குறை அல்ல, ஒரு பேச்சு வழக்கத்தின் குறை. வாசலில் இரு பக்கமும் வானளாவிய பனை வகை மரங்கள். உள்ளே மகோகனிக் கட்டில், பீங்கான் தட்டுகள், பிரம்பு நாற்காலிகள். பின்கட்டில் பழைய நீராவி இயந்திரம். கடைசியில் ரம் ருசி பார்க்கும் கூடம். எனக்கு அது பழக்கமில்லை; மாப்பிள்ளை என் பங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

பேத்தி பலகையை வாசித்து மொழிபெயர்த்தாள். நிலம் திருத்தப்பட்டது, கரும்பு நடப்பட்டது, சாறு காய்ச்சப்பட்டது, வீடு கட்டப்பட்டது. நான் தமிழ் இலக்கணம் கற்பிக்கிற பழக்கத்தில், "யாரால்?" என்று கேட்டேன். அவள் பலகையை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "போடலை தாத்தா" என்றாள்.

இதுதான் என் முதல் குற்றச்சாட்டு. முதலாளிகளின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் செய்வினை: வாங்கினார், விரிவாக்கினார், மணந்தார். உழைத்தவர்கள் வரவேண்டிய இடத்தில் எல்லாம் செயப்பாட்டு வினை. அடிமைகள் இருந்தார்கள் என்பதை யாரும் மறைக்கவில்லை. அதற்கும் ஒரு மூலையில் ஒரு சிறு பலகை இருந்தது. ஆனால் கட்டிலுக்கு மரவேலை செய்தவரும் தட்டு கழுவியவரும் அந்தச் சிறு பலகைக்குள் அடைக்கப்பட்டு, மாளிகை மட்டும் தானாகவே முளைத்த மாதிரி நிற்கிறது. 1848ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டே ஒரு சட்டம் போட்டு இழப்பீடும் கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. சாட்டையடி பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பனை மர நிழலில் நிற்கும்போது இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் நிழலின் குளிர்ச்சி வேறு மாதிரி இருக்கும்.

பேசாமல் பேசும் பதினைந்து பேர்

இதற்கு நேர் எதிரான இடம் தீவின் தென்கோடியில், லெ தியாமான் ஊருக்குப் பக்கத்தில் ஆன்ஸ் கஃபார் என்ற கடற்கரை மேட்டில் இருக்கிறது. சிற்பி லோரான் வலேர் 1998ல், அடிமை ஒழிப்பின் 150ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த நினைவுச் சின்னம். பதினைந்து வெள்ளைச் சிலைகள். ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் உயரம். தோள் தொங்க, தலை கவிழ்ந்து, கடலைப் பார்த்து நிற்கின்றன. 'காப் 110' என்று பெயர். 110 பாகைத் திசை, அதாவது ஆப்பிரிக்காவின் கினி வளைகுடா இருக்கும் பக்கம். வெள்ளை அங்கே துக்கத்தின் நிறம். நமக்கும் அப்படித்தானே என்று என் மனைவி சொன்னாள்.

நடந்தது இதுதான். 1830 ஏப்ரல் 8 இரவு, ஆப்பிரிக்கர்களை ஏற்றி வந்த ஒரு கப்பல் இந்தப் பாறைகளில் மோதி உடைந்தது. 86 பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அப்போது அடிமை வணிகம் சட்டப்படி தடை. அடிமை முறைக்குத் தடை இல்லை. அதனால் பிழைத்தவர்களை என்ன செய்வது என்று அதிகாரிகளுக்குக் குழப்பம். திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்பதால் சட்டப்படி அடிமை என்று விற்க முடியாது. கறுப்பர்களைச் சுதந்திரமாக விடவும் மனசு இல்லை. கடைசியில் தென் அமெரிக்காவிலுள்ள கயேனுக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பலின் பெயர் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இதை ஏன் சிறந்த சின்னம் என்கிறேன்? இறந்தவர்களின் பெயர் இங்கேயும் இல்லை. ஆனால் மாளிகையில் பெயர் இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை. இங்கே அந்த இல்லாமைதான் சிலையாக நிற்கிறது. ஆறுதல் சொல்லும் வாசகமோ கொடியோ கிடையாது. சின்னம் கடலைப் பார்க்கிறது, நமக்கு முதுகைக் காட்டுகிறது. போட்டோ எடுக்கப் போனவர்கள் முகம் தெரிய வேண்டுமானால் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றால் நமக்குப் பின்னால் கடல். பதினைந்து பேர் நம்மைத் தாண்டிப் பார்க்கிறார்கள். என் பேத்தி அங்கே மட்டும் செல்போனைக் கேட்கவில்லை.

ஒரு தேதி இன்னொரு தேதியை விழுங்குவது

வடக்கே சேன் பியேர். ஒரு காலத்தில் தீவின் பெருமைமிக்க நகரம். 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் ஊரே சாம்பலாயிற்று. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டார்கள். நாடக அரங்கின் படிக்கட்டுகள் இன்னும் இருக்கின்றன. அதன் பக்கத்திலேயே ஒரு கல் சிறை அறை. அதில் அடைபட்டிருந்த சிப்பாரிஸ் என்ற கைதி உயிர் பிழைத்தார். பின்னாளில் அமெரிக்க சர்க்கஸ் கம்பெனி ஒன்று அவரை ஊர் ஊராகக் காட்சிப்பொருளாகக் கொண்டுபோயிற்று. எரிமலையையும் அதைச் சுற்றியுள்ள காடுகளையும் 2023ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2019ல் புதுப்பித்துத் திறந்த நினைவகம் ஒன்றும் இருக்கிறது. அமைதியாக, நாகரிகமாக, இறந்தவர்களுக்கு மரியாதையோடு அமைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் வருத்தம் வேறு. இந்த ஊருக்கு இன்னும் இரண்டு மே மாதங்கள் உண்டு. 1848 மே 22ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸில் கையெழுத்தான ஒழிப்பு ஆணை கப்பலில் வந்து சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஆளுநர் மறுநாளே விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. இன்றும் அந்த மே 22 அங்கே பொது விடுமுறை. அடுத்தது 1853 மே 6. புதுச்சேரிப் பக்கமிருந்து புறப்பட்ட 'ஒரேலி' என்ற கப்பல், முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியக் கூலிகளோடு இங்கேதான் வந்து சேர்ந்தது. பெரும்பாலோர் தமிழர்கள். மார்த்தினிக்கில் இறங்கிய முதல் கூட்டம் அது. சுற்றுலாப் பயணிக்கு எரிமலைதான் ஞாபகம் இருக்கிறது. இயற்கை செய்த கொலைக்குக் குற்றவாளி கிடையாது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதனால்தான் எரிமலைக் கதை எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது.

தலைநகர் ஃபோர் த பிரான்ஸில் இதே கேள்வியை ஊர்மக்களே கேட்டுவிட்டார்கள். நெப்போலியனின் மனைவி ஜோசபின் இந்தத் தீவில் பிறந்தவர். அவருக்கு 1859ல் சலவைக்கல் சிலை வைத்தார்கள். நெப்போலியன் 1802ல் அடிமை முறையை நீடிக்கச் செய்தவர். 1991ல் யாரோ சிலையின் தலையை எடுத்துவிட்டார்கள். தலையில்லாமலே அது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நின்றது. 2020ல் முழுச் சிலையையும் கீழே தள்ளிவிட்டார்கள். அதே ஆண்டு, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட விக்தோர் ஷோல்ஷேரின் சிலைகளையும் சிலர் உடைத்தார்கள்; விடுதலை எங்களுக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல என்பது அவர்கள் வாதம். உடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. என்னைக் கேட்டால் தலையில்லாத ஜோசபினை அப்படியே விட்டிருக்கலாம். கட்டியவர்கள் சொன்ன கதை, மறுத்தவர்கள் சொன்ன கதை, இரண்டும் ஒரே கல்லில் இருந்தன. அதைவிட நேர்மையான வரலாற்றுப் பலகை எங்கே கிடைக்கும்?

பாஸ் புவாந்த் கோயிலில்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தீவின் வடகோடியில் பாஸ் புவாந்த் என்ற ஊர். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய கோயில். கோபுரம் இல்லை. உள்ளே மாரியேமேன், மால்தேவிலேன் என்று அவர்கள் சொல்லும் மாரியம்மனும் மதுரைவீரனும். குதிரை வாகனம். பூசைக்கு வேப்பிலை; அதை அவர்கள் 'வேப்பேலே' என்கிறார்கள். பூசை நாளில் ஆட்டுக்கிடா வெட்டு உண்டு, பூசாரி அரிவாள் மேல் ஏறி நின்று அருள்வாக்கு சொல்வது உண்டு. இன்னொரு தெய்வத்தின் பெயர் 'நாகூமீலா'. சட்டென்று விளங்கவில்லை. அவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுவார்கள், கடலில் காப்பாற்றியவர் என்று மகள் கேட்டுச் சொன்னபோதுதான் பொறிதட்டியது. நாகூர் மீரான்! நம் நாகூர் ஆண்டவர். கப்பலில் வந்தவர்கள் மதம் பார்க்காமல் அவரையும் கும்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இறங்கிய பிறகும் மறக்கவில்லை. எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். நாகூர்க் கந்தூரிக்கு எங்கள் தெருவிலிருந்து வேண்டுதல் வைத்துப் போகாத வீடு கிடையாது. என் 2008 கட்டுரையில் மாரியம்மன் இருந்தாள், நாகூரார் இல்லை. நான் படித்த குறிப்புகளில் அவர் இருந்திருக்கலாம். பெருமைக்கு ஒத்துவராததால் கண்ணில் படவில்லை. மாளிகைப் பலகை எழுதியவரை மேலே குற்றம் சொன்னேனே, அதே வேலையை நானும் செய்திருக்கிறேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா ஒருவர் எங்களை உட்காரவைத்தார். கிரியோல் பேசினார், மகளுக்குப் பாதி புரிந்தது. நாங்கள் தமிழர்கள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேண்டுதலைச் சொன்னார். ராகம் நம் ஊர் உடுக்கைப் பாட்டின் ராகம். சொற்கள் தேய்ந்து, கூழாங்கல் மாதிரி உருண்டு வந்தன. அங்கங்கே 'அம்மா', 'வா', 'காப்பாத்து' என்று எனக்குப் பிடிபட்டது. முடித்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று என்னையே கேட்டார். அம்பது வருஷமாகச் சொல்கிறார். பொருள் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் முழுசாகத் தெரியாதாம். எனக்குத் தெரிந்த சொற்களுக்குப் பொருள் சொன்னேன். தெரியாத சொற்களுக்குத் தெரியவில்லை என்றேன். சங்க மேடையாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

திரும்பும்போது காரில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அவங்க தமிழ் மறந்தது தப்பா?" யாரும் பதில் சொல்லவில்லை. முன் ஸீட்டில் இருந்த மாப்பிள்ளை ரேடியோவைப் போட்டார்.

தப்பா என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பர்கள், பழைய முதலாளி சொன்ன கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்ய மறுத்தார்கள். அவர்களுடைய பேரம் பேசும் பலத்தை உடைக்கத்தான் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து ஆள் பிடித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் சிலர். இந்தியாவிலிருந்து 1853 முதல் 1880களின் நடுப்பகுதி வரை சுமார் 25,000 பேர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினவர்களும் உண்டு. கப்பலுக்காகக் காத்திருந்தே காலம் கழித்தவர்களும், தோட்டத்திலேயே செத்தவர்களும் ஏராளம். கூலியைக் குறைக்க வந்தவன் என்று பக்கத்து வயல்காரனுக்கு இவன் மேல் வெறுப்பு. ஃபோர் த பிரான்ஸில் தெருக்கூட்டும் வேலை இந்தியர்களுக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கூலியும் ஒருநாள் சாக்கடைக்கு வந்தே தீருவான் என்று அங்கே ஒரு கேலிப் பழமொழியே உண்டு. செல்வம் தேடிக் கடலோடியவர்கள் என்று நான் எழுதியது இவர்களைத்தான்.

இன்னொரு திருத்தம். அந்தத் தீவுப் பெண்கள் விழா நாளில் கட்டும் கட்டம்போட்ட தலைத்துணிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். நம்மவர்கள் கொண்டுபோனது என்று மார்தட்டியிருந்தேன். அது தவறு. மெட்ராஸ் கைக்குட்டைத் துணி, கூலிக் கப்பல்களுக்கு வெகுகாலம் முன்பே வணிகச் சரக்காக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. துணிதான் முதலில் போனது. நெய்த ஊரின் ஆட்கள் பிறகு போனார்கள். அங்கே 'கொலொம்போ' என்று ஒரு மசாலாக் கறி எல்லா வீட்டிலும் உண்டு. அது நம் 'குழம்பு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலர் சொல்கிறார்கள். இலங்கைத் தலைநகரின் பெயர் என்பாரும் உண்டு. சாப்பிட்டுப் பார்த்ததில் என் மனைவியின் தீர்ப்பு: "குழம்புதான். புளி போதாது."

கல்கத்தா என்று ஒரு சொல்

பாஸ் புவாந்த் இன்னொரு வகையிலும் பேர்போன ஊர். கவிஞர் எமே செசேர் 1913ல் அங்கேதான் பிறந்தார். 1945 முதல் 2001 வரை ஃபோர் த பிரான்ஸின் மேயர். மார்த்தினிக் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1939ல் முதலில் வெளியான அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதை, பிறந்த மண்ணுக்குத் திரும்பி வருவதைப் பற்றியது. உலகத்தில் மிதிபட்டவர்களோடெல்லாம் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் ஒரு இந்துவையும் அவர் சேர்க்கிறார். ஆனால் அந்த இந்து கல்கத்தாக்காரர்!

நாற்பத்தோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவன். கல்கத்தா பேர் உலகக் கவிதையில் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நம் கிதிர்பூர்த் துறையிலிருந்தும் லட்சக்கணக்கான கூலிகள் கரீபியனுக்கும் மொரீஷியசுக்கும் ஃபிஜிக்கும் போனார்கள். ஹூக்ளிக் கரையில் 2011ல் அதற்கு ஒரு நினைவுப் பலகையும் வைத்தார்கள். ஆனால் மார்த்தினிக் வந்தவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்கள். செசேர் பிறந்த ஊரிலேயே, அடுத்த வயலிலேயே இருந்தவர்கள். அவர்களைத் தோழனாகச் சேர்த்துக்கொண்டது பெரிய மனசு. சேர்க்கும்போது தூரத்து ஊர் ஒன்றின் பெயரைப் போட்டது, பக்கத்தில் இருந்தவனைச் சரியாகப் பார்க்காததன் அடையாளம். மகாகவிக்கும் இது நேரும் என்றால் மலர்க் கட்டுரையாளனுக்கு நேராதா?

அந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள் ஓரளவு தீர்த்திருக்கிறார்கள். ரஃபாயேல் கோன்ஃபியான் என்ற மார்த்தினிக் எழுத்தாளர் 2004ல் வெளியிட்ட நாவலின் தலைப்பைத் தமிழில் 'நரியின் வயிறு' எனலாம். பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய தமிழ்க் கூலிகளின் கதை. மகள் இரவுகளில் பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னாள். முழுசாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கேட்டவரையில் என் கருத்து: எந்தப் பலகையும் செய்யாததை அது செய்கிறது. தமிழனை வீரனாகவும் காட்டவில்லை, பரிதாபப் பிண்டமாகவும் காட்டவில்லை. பசி, கோபம், குடி, பக்தி எல்லாம் உள்ள மனுஷனாக, மற்றத் தொழிலாளர்களுக்கு நடுவில் நிறுத்துகிறது. எழுதியவர் தமிழர் இல்லை. அதில் எனக்கு வெட்கமும் உண்டு, நன்றியும் உண்டு. 1994ல் வெளியான இன்னொரு நூலில், தோட்டத்தில் மேஸ்திரியாகவும் கோயிலில் பூசாரியாகவும் இருந்த ஒரு முதியவரின் வாழ்க்கைக் கதையை ஆய்வாளர்கள் அவர் வாய்மொழியாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அவருடைய செல்லப் பெயரான 'ஸ்வாஸோ'தான் தலைப்பு. பறவை என்று பொருள். மேஸ்திரியும் பூசாரியும் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள். பெருமை, சிறுமை என்று இரண்டு பெட்டிக்குள் அடங்குகிற வாழ்க்கை அல்ல அது.

நமக்கு என்ன?

இந்த மலரைப் புரட்டும் நாம் யாரும் ஒப்பந்தக் கூலியாக இந்த ஊருக்கு வரவில்லை. நம்மை அவர்களோடு ஒப்பிட்டுக் கண்ணீர் விடுவது நாடகமாகிவிடும். ஏஜி ஆபீஸ் வேலையும் ரயில்வே குவார்ட்டர்ஸும் கிடைத்து வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் நாமும் நம் கதையைச் செயப்பாட்டு வினையில்தான் சொல்கிறோம். சங்கம் தொடங்கப்பட்டது, கோயில் கட்டப்பட்டது, பள்ளி நிறுவப்பட்டது. யாரால்? தலைவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கோயிலுக்குக் கல் சுமந்த கொத்தனார்கள், ஐம்பது வருடம் நம் விழாக்களுக்குச் சமைத்தவர்கள், வீட்டு வேலைக்கென்று ஊரிலிருந்து கூட்டிவந்து, திரும்பிப் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட பெண்கள் ஆகியோர் பெயர் எந்த மலரில் இருக்கிறது? நான் பழைய மலர்களை எடுத்துப் பார்த்தேன். இல்லை.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'அங்கேயும் தமிழ் இருக்கிறது' என்று நிறுத்திவிடாமல், அது எப்படி அங்கே போனது, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்றும் எழுத வேண்டும். இரண்டு, அடுத்த மலரில் நான்கு பக்கம் ஒதுக்கி, மேலே சொன்னவர்களின் பெயர்களையும் அவர்கள் வாய்மொழியையும் அச்சிட வேண்டும். முதல் பேட்டியை நானே எடுத்துத் தருகிறேன். எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காலம் கடத்துவதற்கில்லை.

பேத்தியின் கேள்விக்குக் காரில் பதில் சொல்லவில்லை என்றேன். பாரிஸ் திரும்பியதும் சொன்னேன்: மறந்தது தப்பில்லை கண்ணு, பேசினால் சிரிப்பவர்கள் நடுவில், பேசுவதால் ஒரு லாபமும் இல்லாத இடத்தில், அவர்கள் பாட்டை மட்டும் நூற்றைம்பது வருஷம் வைத்திருந்ததுதான் ஆச்சரியம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பாட்டிக்குத் தெரியாத வார்த்தையை நீ யார்கிட்ட கேட்டுச் சொல்லப்போற?" என்றாள்.

உடுக்கைப் பாட்டு அறிந்த அன்பர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் குறித்து வைத்திருக்கும் ஒலிகளை அனுப்புகிறேன். கடிதம் போட வேண்டிய முகவரி என்னிடம் இருக்கிறது. 2008 மலரில் அந்தக் கட்டுரையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், அதன் ஓரத்தில் 'ஆசிரியர் பின்னால் திருத்திக்கொண்டார்' என்று ஒரு வரி எழுதிவைத்தால் நன்றியுடையவனாவேன்.